மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடையே சுரீரென்ற வலி: கால் ஆணியா, நரம்பா?

கேள்வி: காட்பாடி கணித ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. காட்பாடிக்கு அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை நின்றபடியேதான் கழியும். ஏறத்தாழ எட்டு மாதங்களாக என் வலது பாதத்தின் முன்பகுதியில், அதாவது அடியெடுத்து வைக்கையில் குதிகால் எழும்பியதும் உடலின் எடை முழுவதும் போய் விழுகிற அந்த மேட்டில், விநோதமான ஒரு வலி இருந்து வருகிறது. தொடக்கத்தில் அதை வலி என்றுகூடச் சொல்ல முடியாது. காலணிக்குள் புளியங்கொட்டை ஒன்று கிடப்பது போன்ற உணர்வுதான். எத்தனையோ முறை கழற்றி உதறிப் பார்த்திருக்கிறேன், எதுவும் விழுந்ததில்லை.

இப்போது மூன்றாவது பாடவேளை வரும்போதே எரிச்சல் தொடங்கிவிடுகிறது. கரும்பலகையின் மேல்வரியில் எழுதுவதற்காக நுனிக்காலில் எழும்பினால், மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையே மின்சாரம் பாய்ந்தது போல் சுரீரென்று இழுக்கிறது. அந்த இரண்டு விரல்களும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் பக்கங்களில் மரத்துப்போன உணர்வும் உண்டு. காலணியைக் கழற்றி, பாதத்தைக் கையால் இரண்டு நிமிடம் பிடித்துவிட்டால் அடங்கிவிடுகிறது. ஆசிரியர் அறையில் மேசைக்கு அடியில் ஒரு காலணியை மட்டும் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சென்ற சித்திரைப் பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் சுற்றி வந்தேன். அதற்குப் பிறகுதான் வலி கூடியது. மருந்துக்கடையில் கேட்டபோது, பாதத்தைப் பார்க்காமலேயே, அது கால் ஆணி என்று சொல்லி ஒட்டும் வில்லை ஒன்றைக் கொடுத்தார்கள். ஐந்து நாட்கள் ஒட்டியதில் நல்ல தோல் வெளுத்து ஊறி உரிந்ததே தவிர வேறு பயனில்லை. என் மாமியார் சுட்ட செங்கல்லின் மேல் எருக்கிலையைப் போட்டு ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். அவருடைய குதிகால் வலி அதில்தான் தீர்ந்ததாம். கடைசியாக எலும்பு மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். ஐந்தே நிமிடத்தில், “மார்ட்டன்ஸ் நியூரோமா போலத் தெரிகிறது; வேண்டுமானால் ஊசி போட்டுக்கொள்ளலாம்” என்று கூறி அடுத்தவரை அழைத்துவிட்டார். ‘ஓமா’ என்று முடிகிற சொற்கள் கட்டியைக் குறிக்கும் என்று படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை.

இது உண்மையிலேயே கட்டிதானா? ஊசி இல்லாமல் சமாளிக்க வழியுண்டா? இரண்டாம் விரலில் அணியும் மெட்டிக்கு இதில் ஏதேனும் பங்குண்டா? கிரிவலம் இனிச் செல்லலாமா? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: இயன்முறை மருத்துவன், சத்துவாச்சாரி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் அந்தப் பெயரைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடுங்கள். பெயரில் ‘ஓமா’ இருந்தாலும் இது புற்றுநோயன்று. சரியாகச் சொன்னால் கட்டியுமன்று. விரல்களுக்குச் செல்லும் உணர்ச்சி நரம்பு மீண்டும் மீண்டும் நசுங்குவதால், அதைச் சுற்றியுள்ள திசு தடித்துப் போகிறது, அவ்வளவுதான். பிலடெல்பியாவைச் சேர்ந்த தாமஸ் மார்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1876ஆம் ஆண்டில் இந்த வலியை விவரித்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இலண்டனில் கால் வைத்தியம் செய்துவந்த லூயிஸ் டர்லாக்கர் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே இதைக் குறித்து எழுதிவிட்டார் என்பது வேறு கதை.

உங்கள் பாதத்தின் நடுப்பகுதியிலிருந்து விரல்களை நோக்கி ஐந்து நீள எலும்புகள் செல்கின்றன. அவற்றின் தலைப்பகுதிகள் தரையில் பதியும் இடம்தான் நீங்கள் குறிப்பிடும் மேடு. அந்த எலும்புத் தலைகளை ஒன்றோடொன்று பிணைத்து, குறுக்கே ஒரு தசைநார்ப் பட்டை ஓடுகிறது. விரல்களுக்குச் செல்லும் நரம்புகள் அந்தப் பட்டைக்கு அடியில் நுழைந்து போகின்றன. நுனிக்காலில் எழும்பும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்க, நரம்பு இழுபட்டுப் பட்டையின் விளிம்பில் உராய்கிறது. அதே வேளையில் குறுகலான காலணி இரு பக்கங்களிலிருந்தும் எலும்புகளை நெருக்கினால், நரம்புக்கு ஒதுங்க இடமே இருப்பதில்லை. கரும்பலகையின் மேல்வரி உங்களுக்கு ஏன் பகையாயிற்று என்பது இப்போது விளங்கும். மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடைப்பட்ட இடத்தில் இது அதிகம் வருவதற்கு, பாதத்தின் உட்புறத்திலிருந்தும் வெளிப்புறத்திலிருந்தும் வரும் இரண்டு நரம்புகளின் கிளைகள் அங்கே ஒன்றுசேர்ந்து தடித்திருப்பதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆண்களைவிட நடுத்தர வயதுப் பெண்களிடம்தான் இதை மிகுதியாகக் காண்கிறோம்.

கால் ஆணி என்றால் தோலின் மேலேயே கடினமான ஒரு கரு கண்ணுக்குத் தெரியும். அதை நேராக அழுத்தினால் வலிக்கும். உங்களுடைய வலி எலும்பின் மேல் இருக்கிறதா, எலும்புகளின் இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கையால் முன்பாதத்தைப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து, மறுகையின் கட்டை விரலால் அந்த இடைவெளியைக் கீழிருந்து அழுத்தினால், சிலருக்கு ‘டக்’ என்று ஏதோ நழுவுவது போன்ற உணர்வும் அதே சுரீரும் வரும். முல்டர் என்ற மருத்துவர் 1951ஆம் ஆண்டில் விவரித்த சோதனை இது. ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் செய்து பார்த்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

கிரிவலத்துக்குப் பிறகு வலி கூடியது என்று எழுதியிருப்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நீண்ட தூரம் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு இந்த நீள எலும்புகளில் மயிரிழை போன்ற விரிசல் விழுவதுண்டு. அப்படியானால் பாதத்தின் மேற்புறம் வீங்கியிருக்கும், எலும்பின் மேலேயே ஓரிடத்தில் விரல் வைத்தால் துள்ள வைக்கும், காலணியைக் கழற்றினாலும் வலி குறையாது. எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. ஆனாலும் மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இத்தகைய எலும்புக் கோளாறு இல்லையென்று உறுதி செய்துகொள்வதற்காகவே. விரிசல் புதிதாக இருந்தால் முதல் எக்ஸ்ரேயில் அதுவும் தெரியாமல் போகலாம். நரம்பின் தடிப்பைப் பார்க்க வேண்டுமானால் அல்ட்ராசவுண்ட் போதும்.

இனிச் சமாளிக்கும் வழிக்கு வருகிறேன். நான் பார்த்தவரை ஊசிக்கு முன்பு காலணியை மாற்றிப் பார்க்காதவர்களே அதிகம். அது தலைகீழான வரிசை. அகலமான, குதி உயரம் குறைந்த காலணிக்கு மாறி, ‘மெட்டாடார்சல் பேட்’ எனப்படும் சிறு மெத்தையை உள்ளே ஒட்டி, ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் பொறுத்துப் பாருங்கள். அந்த மெத்தையைப் பெரும்பாலோர் வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே ஒட்டிவிட்டு, வலி இரட்டிப்பாகிவிட்டது என்று என்னிடம் வருகிறார்கள். அது வலிக்கும் இடத்துக்குப் பின்னால், குதிகால் பக்கமாகத் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் எலும்புகளைச் சற்றே தூக்கி விரித்துக் கொடுத்து நரம்புக்கு வழிவிடும். இடம் கண்டுபிடிக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. வலிக்கிற மேட்டின் அடியில் சாந்துப்பொட்டைச் சிறிது தடவி, காலணிக்குள் கால் வைத்து ஓரடி நடந்து கழற்றுங்கள். உள்தளத்தில் பதிந்த சிவப்புக்குப் பின்னால் மெத்தையின் முன்விளிம்பு வருமாறு ஒட்டுங்கள். முதல் இரண்டு நாட்கள் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று பழக்கப்படுத்துங்கள்.

கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் முன்பாதத்தில் சுமை கூடும். ஆகவே சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்னங்காலை நீட்டும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யுங்கள். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் குந்தியபடி கோலம் போடும் பழக்கம் இருந்தால் சில மாதங்களுக்கு அதை நிறுத்திவைக்க வேண்டும். வீட்டுக்குள் கிரானைட் தரையில் வெறுங்காலுடன் நிற்பவர்கள் மென்மையான செருப்பொன்றை வீட்டுக்கென்றே தனியாக வைத்துக்கொள்வது நல்லது (மாமியாரிடம் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்). மிகவும் எரிகின்ற நாளில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். மெட்டியால் இந்த நோய் வருவதாகச் சொல்ல முடியாது; ஆனால் மூடிய காலணிக்குள் தடித்த மெட்டி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், பள்ளி நேரத்துக்கு மெல்லிய மெட்டியாக அணிவது நல்லது.

ஊசியை நான் குறை கூறவில்லை. ஸ்டீராய்டு ஊசி பலருக்குச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ நல்ல நிவாரணம் தருகிறது. மீண்டும் மீண்டும் போட்டால் பாதத்தின் அடிக்கொழுப்பு மெலிந்துவிடக்கூடும். போட்ட இடத்தில் தோல் வெளுப்பதும் உண்டு. அறுவை சிகிச்சை கடைசிப் படி. பெரும்பாலும் பாதத்தின் மேற்புறமாகக் கீறி, தடித்த நரம்புப் பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். பலருக்கு வலி போய்விடும், ஆனால் அந்த விரலிடுக்கில் உணர்ச்சி நிரந்தரமாகப் போய்விடும். வெட்டிய நரம்பின் முனையே பின்னாளில் வலிக்கத் தொடங்குவதும் சிலருக்கு நேர்கிறது.

பதில் 2: லாஸ்ட் பிரிவு, ஆம்பூர்

சகோதரிக்கு வணக்கம். ஏற்றுமதிக் காலணித் தொழிலில் 22 ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் காலணியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்; மருத்துவம் மேலேயுள்ளவர் சொன்னபடியே.

எந்தக் காலணியும் ‘லாஸ்ட்’ எனப்படும் கால் அச்சின் மேல்தான் இழுத்துக் கட்டப்படுகிறது. லாஸ்ட் கூர்மையாக இருந்தால், எத்தனை உயர்ந்த தோலாக இருந்தாலும் காலணி கூர்மையாகத்தான் அமையும். கால் நெருக்குகிறது என்றவுடன் நம் மக்கள் ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறார்கள். ஆங்கில அளவில் ஒரு நம்பர் என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர் நீளம். அகலம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. நீளம் மிஞ்சியதால் கால் முன்னோக்கிச் சறுக்கி, மறுபடியும் அந்தக் கூம்புக்குள்ளேயே போய்ச் சிக்கிக்கொள்கிறது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

மாலையில், கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மேல் எடை முழுவதையும் ஊன்றி நின்று, வேறொருவரை விட்டுப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு வரையச் சொல்லுங்கள். இரண்டு கால்களுக்கும் வரையுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிறகு இப்போது அணியும் கட் ஷூவை அந்த வரைபடத்தின் மேல் வையுங்கள். விரல்களின் பகுதியில் பென்சில் கோடு இருபுறமும் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே உங்கள் நரம்பு எட்டு மாதங்களாக என்ன சொல்ல முயன்றது என்று புரிந்துவிடும். அந்தத் தாளைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் காலணியைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்பு தாளை உள்ளே விட்டுப் பாருங்கள். ஓரம் மடங்கினால் அந்தக் காலணி வேண்டாம்.

எங்கள் ஊரில் ஏற்றுமதியில் மிஞ்சிய காலணிகள் மலிவாகக் கிடைக்கும் என்று வேலூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் தேடி வருகிறார்கள். தோலும் தையலும் உயர்ந்தவைதான். ஆயினும் அவை ஐரோப்பியக் கால்களுக்கான லாஸ்ட்டில் அமைந்தவை. சிறு வயதில் வெறுங்காலுடன் ஓடி வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்திருக்கும். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். பெண்களுக்கான மாதிரிகளில் அகலம் கிடைக்கவில்லையென்றால், ஆண்களுக்கான சாதாரண மாதிரியில் உங்கள் நீளத்துக்கு உரியதைப் போட்டுப் பாருங்கள். புடவைக்குக் கீழே யாரும் கவனிக்கப் போவதில்லை.

இரண்டு கைகளாலும் பிடித்து மடித்தால் சப்பாத்தி போல் சுருளுகின்ற சோல்தான் காலுக்கு இதம் என்று நினைப்பது இந்த நோய்க்குப் பொருந்தாது. சோல் எந்த அளவுக்கு மடிகிறதோ அந்த அளவுக்கு விரல்களும் மடியும், நரம்பும் இழுபடும். முன்பகுதி ஓரளவு விறைப்பாகவும், நுனி சற்றே மேல்நோக்கி வளைந்தும் இருக்கும் சோலில் கால் உருண்டு நகர்ந்துவிடும். விரல்களின் மேல் தடித்த தையல் குறுக்கே ஓடாத மாதிரியாகப் பாருங்கள். இருக்கும் காலணியே தோலால் ஆனதென்றால், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மரக்கட்டை ஏற்றி அகட்டித் தரச் சொல்லலாம். ரெக்ஸினாக இருந்தால் அந்த முயற்சி வீண், அகலாது, பிளந்துவிடும்.

சிலர் உங்களை எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் செருப்பு வாங்கச் சொல்வார்கள். நம் பகுதிக்கு அது நன்கு பழகிய பொருள். அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946ஆம் ஆண்டு முதல் வேலூரில் தொழுநோயாளிகளின் கை கால்களைச் சீரமைத்து வந்த காலத்தில், அவர்களுடைய பாதப் புண்களுக்கு உணர்ச்சியற்ற காலில் விழும் அழுத்தமே காரணம் என்று எடுத்துக்காட்டினார். வேலூரிலும் அதையடுத்த கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் அத்தகைய கால்களுக்கென்று இந்தச் செருப்புகள் செய்யப்பட்டு வந்தன. உங்கள் நோய்க்கு அதன் மென்மை இதமளிக்கும், பட்டையைத் தளர்த்திக்கொள்ளவும் முடியும். ஆனால் உங்களுக்கு முதல் தேவை அகலம், மென்மை அடுத்ததுதான்.

பதில் 3: குழித்தறி, ஆரணி

அம்மா, நான் 61 வயதான பட்டு நெசவாளன். படிப்பு குறைவு, என் மகள்தான் இதைத் தட்டச்சு செய்கிறாள். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கதையைச் சொல்ல வேண்டுமென்று தோன்றியது, ஏனென்றால் நானும் இதேதான் என்று நினைத்து ஏமாந்தவன்.

நாற்பது ஆண்டுகளாக வெறுங்காலின் முன்பகுதியால் தறியின் மிதிக்கட்டைகளை அழுத்தியவன் நான். பாதம் எரிந்தபோது தொழிலால் வந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் உங்களுக்கு ஒரு காலில், ஒரு விரலிடுக்கில் இருக்கிறது. எனக்கு இரண்டு கால்களிலும், எல்லா விரல்களிலும், காலுறை அணிந்தது போல் ஒரே மாதிரி இருந்தது. உங்களுக்கு நின்றால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது. எனக்கோ இரவு படுத்த பிறகுதான் எரிச்சலே தொடங்கும். ஒரு நாள் இதம் தேடி உப்பு போட்ட வெந்நீரில் கால்களை வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது கொப்புளம் கிளம்பியிருந்தது. சுட்டது எனக்குத் தெரியவே இல்லை. என் மனைவி அந்த நீரில் விரலை விட்டவுடன் கையை உதறிக்கொண்டாள்.

மருத்துவமனையில் கண்களை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார்கள். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். எனக்குப் பாதிக்குமேல் தெரியவில்லை. அதிரும் இசைக்கவை ஒன்றைப் பெருவிரல் எலும்பில் வைத்தார்கள். அதன் நடுக்கமும் எட்டவில்லை. பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை நோய் நரம்புகளைத் தின்றிருந்தது. நான் சாப்பிட்டு வந்த மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு பி12 சத்தைக் குறைத்துவிடும் என்றார்கள்; இரத்தத்தில் பார்த்தபோது எனக்கும் குறைந்திருந்தது. அதற்குத் தனியே ஊசி போட்டார்கள்.

ஆகவே, ஒரு முறை சர்க்கரை பார்த்துவிடுங்கள் அம்மா. சர்க்கரை இருந்து உணர்ச்சியும் குறைந்திருந்தால் அந்த மெத்தையையும் செங்கல் ஒத்தடத்தையும் தாமாகவே செய்துகொள்ளக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். மெத்தை ஓரிடத்தில் அழுத்திப் புண்ணாக்கினாலும் நமக்குத் தெரியாது. உங்கள் மாமியாருக்கும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. சுட்ட செங்கல் என்று படித்ததும் எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை வந்தது.

கேட்டவரின் மறுமொழி, ஒன்பது வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் என் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் மேசையை நிறைத்திருந்தன.

ஆரணி ஐயா சொன்னபடி முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்குச் சர்க்கரை இல்லை. என் மாமியாருக்கு, வெறும் வயிற்றில் 168. அவருடைய குதிகால் செங்கல்லால் குணமானதா, உணர்ச்சி குறைந்ததால் வலி தெரியாமல் போனதா என்று மருத்துவர் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. செங்கல் இப்போது துளசி மாடத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது.

எக்ஸ்ரேயில் விரிசல் எதுவும் இல்லை. அல்ட்ராசவுண்டில் அந்த இடைவெளியில் நரம்பு தடித்திருப்பது தெரிந்தது. தாளில் பாதத்தை வரைந்து பழைய கட் ஷூவை மேலே வைத்தபோது, சுண்டுவிரல் பக்கம் மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கோடு வெளியே நின்றது. வடிவியல் நடத்துகிறவள் இதை எட்டு மாதங்களாகக் கவனிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மூன்று கடைகள் ஏறி இறங்கி, கடைசியில் ஆண்களுக்கான பகுதியில்தான் பொருத்தமானது கிடைத்தது. மெத்தையை முதல் முறை நானும் தவறாகவே ஒட்டினேன். மறுநாள் சாந்துப்பொட்டு வைத்துப் பார்த்து, விரற்கடை அளவு பின்னால் நகர்த்திய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

நான்காவது வாரம் வரை பெரிய மாற்றமில்லை. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆறாவது வாரத்தில் ஒரு நாள் ஐந்தாம் பாடவேளை முடிந்து மணி அடித்த பிறகுதான், அன்று முழுவதும் காலணியைக் கழற்றவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இன்னமும் வாரத்தில் இரண்டு நாட்கள் எரிச்சல் வருகிறது. மரத்த உணர்வு அப்படியேதான் இருக்கிறது. கரும்பலகையின் மேல்வரியை உயரமான மாணவிகளிடம் ஒப்படைத்துவிட்டேன். ஊசியைத் தள்ளி வைத்திருக்கிறேன். மூன்று மாதம் முடிந்து மறுபடியும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

கிரிவலம் பற்றி மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே?

பதில்: இயன்முறை மருத்துவன், சத்துவாச்சாரி

வேண்டுமென்றேதான் விட்டேன். வெறுங்காலுடன் 14 கிலோமீட்டர் இந்த ஆண்டு வேண்டாம். எரிச்சலே இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதங்கள் கழிந்த பிறகு, முதலில் மெத்தை வைத்த காலணியுடன் வேலூர்க் கோட்டையைச் சுற்றி மாலை நடையாக இரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். மறுநாள் காலையில் கால் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துத் தூரத்தைக் கூட்டலாம். அதுவரை கோயிலுக்குள் சென்று தரிசனம் செய்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். மரத்த உணர்வு வலியைவிட மெதுவாகத்தான் மாறும், சிலருக்கு மாறாமலும் போகும். அது கூடினாலோ, பக்கத்து விரல்களுக்கும் பரவினாலோ, மூன்று மாதம் வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.